சவுட்டு மண்ணில் போட்ட நடைபாதை

எங்கள் வீட்டு வாசற்படியில் இருந்து தார் ரோடு வரைக்கும் நாற்பத்தொரு அடி. டேப் பிடித்து மூன்று தடவை அளந்திருக்கிறேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் நாற்பது என்பார். அடுத்தவர் வீடு என்றால் நூல் பிசகாமல் அளக்கிற மேஸ்திரி, தன் வீட்டுக்கு மட்டும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். வீடு கட்டிய நாளிலிருந்து அந்த ஓர் அடிக்காக எங்களுக்குள் சண்டை.

வீடு இருப்பது தடா ஊரிலிருந்து உப்பு ஏரிப் பக்கம் இறங்குகிற ரோட்டில். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இரண்டு பேருக்குமே சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்கள். எங்கள் பெரியவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. யார் வயலிலாவது கூலி. ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது கட்டட வேலை நிறைய இருக்கிறது என்று வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம். ஐந்து சென்ட் மனை மலிவாக வந்தது. ஏன் மலிவு என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அது சவுட்டு மண். மழைக்காலத்தில் கால் கணுக்கால் வரை இறங்கும். வெயில் காலத்தில் மண்ணின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். பதினைந்து அடி போர் போட்டால் தண்ணீர் வந்துவிடும், ஆனால் வாயில் வைக்க முடியாது. மனையின் பின்பக்கம் கொஞ்சம் மேடாக இருந்ததால் வீட்டை அங்கே கட்டினோம். அதனால்தான் ரோட்டுக்கு இவ்வளவு தூரம்.

கல்யாணமான மறுமாதமே அவர் மேஸ்திரி, நான் அவருடைய சித்தாள். வேலை செய்கிற இடத்தில் பெண்டாட்டி என்று ஒரு சலுகையும் கிடையாது. கலவை கொஞ்சம் தாமதமானால் சாரத்தின் மேலிருந்து, "ஏமே, தூங்கிக்கினு கீறியா?" என்று கத்துவார். நானும் கீழே இருந்து திருப்பிக் கொடுப்பேன். கேட்கிறவர்கள் நாங்கள் இன்றைக்கே பிரிந்துவிடுவோம் என்று நினைப்பார்கள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குச் சட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

வாசலில் இருந்து ரோடு வரை ஒரு நடைபாதை வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறவருக்குத் தன் வீட்டுக்குப் போட நேரம் கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிகிறபோது எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு சட்டி கலவை மிஞ்சும். அதைக் கொட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு அதை வண்டியில் வைத்து எடுத்துவர ஆரம்பித்தார். இன்றைக்கு ஒரு துண்டு, அடுத்த வாரம் ஒரு துண்டு என்று இரண்டு வருஷத்தில் ரோட்டைத் தொட்டுவிட்டார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர் சாம்பல், ஒன்றில் பெரிய ஜல்லி, ஒன்றில் சன்ன ஜல்லி. அதைப் பார்த்து நான் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கலவை வண்டியில் வந்து சேர்வதற்குள் பாதி இறுகிவிடும். எங்கள் போர் தண்ணீரை இரண்டு சொம்பு ஊற்றி இளக்கிக் கொட்டுவார். பலம் கிடைக்கட்டும் என்று மிஞ்சின கம்பித் துண்டுகளையும் உள்ளே படுக்க வைத்தார். சித்தூர்ச் செம்மண்ணில் தொழில் கற்றவர் அவர். அந்த மண்ணில் எதைப் போட்டாலும் நிற்கும். இங்கே உப்பு கீழிருந்தும் ஏறியது, அவர் ஊற்றின தண்ணீரிலும் இருந்தது. கம்பி துருப்பிடித்து உப்பி, துண்டுகளை உள்ளிருந்தே வெடிக்க வைத்தது. மேற்பரப்பு மாவு மாவாக உதிர்ந்தது. சில துண்டுகள் இறங்கின, சில துண்டுகள் விளிம்பு தூக்கிக்கொண்டன. பிற்பாடு அவருக்கும் புரிந்தது. எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல் காரியமாகத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இந்த உப்புத் தண்ணில கலவ போட மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிப்பார். எங்கள் வாசலைச் சரிசெய்ய மட்டும் மறுபடியும் நேரம் இல்லை.

போன வருஷம் அவர் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து வாக்கர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் எழுப்ப முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்த மூன்றாம் வாரம் வாசலில் இறங்கி நடந்தார். தூக்கிக்கொண்டிருந்த ஒரு துண்டின் விளிம்பில் வாக்கர் கால் மாட்டியது. முகம் குப்புற விழுந்தார். மோவாயில் நான்கு தையல். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே போனவர் வாசற்படியைத் தாண்ட மறுத்துவிட்டார்.

பிடித்துக்கொள்கிறேன் வா என்றால், "அப்பால பாக்கலாம்" என்பார். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் சோறு போடாமல்கூட இருந்து பார்த்தேன். சாயங்காலம் நான்தான் அழுதுகொண்டே போட்டேன். எங்கள் பெண்ணைப் பலமனேரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் போன் செய்யும்போதெல்லாம், "நைனாவ இங்க இட்டாந்துடும்மா. இங்க தரை நல்லா கீது, நான் நடக்க வெக்கிறேன்" என்பாள். அவர் காதில் விழுந்தால், "பொண்ணு ஊட்ல போயி படுத்துக்கினு துன்னச் சொல்றியா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். நாளுக்கு நாள் அவர் கால் மெலிந்துகொண்டே வந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் கைக்குத் தெரியும். இனிமேல் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டாரோ என்று வேலை செய்கிற இடத்தில் திடீரென்று பயம் வந்து, சட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன்.

பழையதை உடைத்து எடுத்துவிட்டு நானே புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். அவர் படுத்த பிறகு நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனிக்குள் ரோடு போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சித்தாள்தான், ஆனால் எனக்குக் கண் சும்மா இருக்காது. அடியில் என்ன போடுகிறார்கள், எத்தனை அடிக்கு ஒரு இடைவெளி விடுகிறார்கள், எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன். அங்கே இருந்த எஞ்சினியரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு தெரிந்தவர்கள் இரண்டு பேர் வீட்டு வாசலில் கார் ஏறுகிற தளத்தை நானே நின்று போட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டியும் அவற்றில் கீறல் இல்லை.

அவரிடம் சொன்னபோது, "நீ மேஸ்திரியா ஆயிட்டியா?" என்றார். "ஆவலன்னா யாரு ஒடப்பாங்க? நீ எழுந்து வா" என்றேன்.

கடப்பாரையால் உடைக்க ஆரம்பித்த அன்று வாசற்படிக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் துண்டைப் பெயர்த்துப் புரட்டினபோது, "அது ரேணிகுண்டா ரோட்டு ஒர்க்‌ஷாப்பு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. அடுத்ததைப் பெயர்த்தேன். "அது சூளூர்பேட்டை வாத்தியாரு ஊட்டு மாடிப்படி." அப்புறம் ஒவ்வொரு துண்டும் எந்த வேலையில் மிஞ்சின கலவை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. எங்கள் பெண் வயசுக்கு வந்த வாரம் போட்டது எது, நானும் அவரும் பத்து நாள் பேசாமல் இருந்தபோது போட்டது எது என்று வரிசையாகச் சொன்னார். நான் கடப்பாரையை ஓங்குவதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தேன். என்னோடு வேலை செய்கிற இரண்டு தெலுங்குப் பெண்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு அவர் சொல்வது பாதிதான் புரிந்தது, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல் அள்ளப் போனார்கள்.

ஒன்றேகால் அடி ஆழத்துக்குச் சவுட்டு மண்ணை வெட்டி அள்ளினோம். மேட்டுப் பக்கத்திலிருந்து சிவப்புக் கிராவல் இரண்டு டிராக்டர் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். அதற்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்தோம், கீழே இருக்கிற உப்பு மேலே ஏறாமல் இருக்க. கம்பி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மனுஷன் நடக்கிற பாதைக்கு அடித்தளம் சரியாக இருந்தால் போதும். ஆற்று மணலை இரண்டு தடவை அலசினேன். தண்ணீர்தான் பெரிய பாடு. மூன்று நாளைக்கு ஒரு முறை வருகிற நல்ல தண்ணீர் வண்டியை நிறுத்தி, ஐந்நூறு லிட்டர் கறுப்பு டேங்க் ஒன்றை நிரப்பி வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒருவரும் இதில் கை கழுவக்கூடாது, சொம்புகூட விடக்கூடாது என்று அவரையும் சேர்த்து எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தேன்.

இந்தப் பத்து நாளும் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். புருஷன் உள்ளே உட்கார்ந்திருக்க, பெண்டாட்டி நூல் கட்டி மட்டம் பார்ப்பது அவர்களுக்குப் புதுசு. "ஆடமேஸ்திரி", அதாவது பொம்பளை மேஸ்திரி என்று தெலுங்கில் பேர்கூட வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் இல்லை, பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன். கலவை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடித்து, மணல் குவியலில் சாய்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

காலையில் கலவை மெஷின் வருவதற்கு முன்னால் டேங்க்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்று காய்ந்த மிளகாய் மிதந்துகொண்டிருந்தன. உள்ளே கைவிட்டுத் துழாவினேன். அடியில் கரையாத கல் உப்பு விரலில் பட்டது.

யார் செய்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. எங்கள் பக்கம் திருஷ்டி கழிப்பதென்றால் உப்பையும் மிளகாயையும் கையில் மூடி மூன்று சுற்று சுற்றுவோம். மிளகாயை அடுப்பில் போடுவோம், உப்பைத் தண்ணீரில் கரைப்போம். உப்பு கரைகிற மாதிரி திருஷ்டியும் கரைந்துவிடும் என்று கணக்கு. அந்த வீட்டில் என்னைத் தவிர இருக்கிறவர் ஒருவர்தான். வாசலில் அவர் கைக்கு எட்டுகிற தண்ணீரும் அந்த டேங்க் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. டேங்க் குழாயில் ஹோஸை மாட்டி, சாக்கடைப் பக்கம் இழுத்துப் போட்டு, திறந்துவிட்டேன். தண்ணீர் ஓட ஆரம்பித்தது. "நீயெல்லாம் ஒரு மேஸ்திரியாயா? ஊரு ஊரா போயி உப்பு உப்புன்னு பிரசங்கம் பண்ண, இப்ப உன் கையாலயே அள்ளிப் போட்டிருக்க! போட்டது பூரா ஒடஞ்சி விழுந்தும் புத்தி வரல உனக்கு!" என்று கத்தினேன். கடைசியில் சொன்னது சொல்லக்கூடாதது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது உப்புன்னே எனக்குத் தோணல. திருஷ்டின்னுதான் தோணுச்சு" என்றார்.

"யாருக்குத் திருஷ்டி?"

"உனக்குத்தான். ரோட்ல போறவன் வரவன் கண்ணெல்லாம் உன் மேலதான் கீது. நான் சாரத்து மேல நிக்கும்போது இப்பிடித்தான் எல்லாரும் பாத்துக்கினு இருந்தானுங்க. அப்பால விழுந்தேன். நீயும் விழுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று இருந்தவர், முந்தின நாள் சாயங்காலம் நான் மணலில் தூங்கும்போது படி இறங்கி, டேங்க்கையும் சுவரையும் பிடித்துக்கொண்டு மணல் குவியல் வரை எட்டு அடி வந்திருக்கிறார். என் தலையைச் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை. அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு பிடி உப்பு ஐந்நூறு லிட்டரில் பெரிய கெடுதல் ஒன்றும் செய்துவிடாது என்று எனக்கும் தெரியாமல் இல்லை. மனசு இளகியது உண்மை. குழாயை நான் மூடவில்லை என்பதும் உண்மை. இந்தப் பாதையில் எனக்கு ஒரு கல் உப்புகூட வேண்டாம்.

மெஷின்காரரைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த தண்ணீர் வண்டிக்காக இரண்டு நாள் காத்திருந்து மறுபடியும் நிரப்பினேன். இந்த முறை மூடியைக் கயிறு போட்டுக் கட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கலவை போட்ட அன்று நாற்காலியில் இருந்தபடியே என் உயிரை எடுத்தார். தண்ணி ஜாஸ்தி என்றார், இல்லை என்று ஒரு உருண்டை பிடித்துக் காட்டினேன். ரோட்டுப் பக்கம் சரிவு பத்தாது என்றார், அவர் சொன்னது சரியாக இருந்ததால் திருத்தினேன். நான்கு அடிக்கு ஒரு கோடு இழுத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். வாக்கர் வழுக்காமல் இருக்க, ஈரம் இறுகும் முன்னே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டேன். சாயங்காலம் சாக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு நண்டு ஏறி, கட்டங்களின் மேல் பொடிப் பொடியாகத் தடம் வைத்துக்கொண்டு போனது. நான் துடைப்பத்தோடு ஓடினேன். "வுடுமே, போவட்டும். அதுக்கும் இது பாதைதானே" என்றார். தடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பதினான்கு நாள் கோணி போட்டு மூடி, காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் நல்ல தண்ணீர் தெளித்தேன். குடிக்கிற தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பதினைந்தாம் நாள் கோணிகளை எடுத்தேன். கீறல் ஒன்றும் இல்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். "நல்லா வந்துக்கீது" என்றார், உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தாங்கும் சக்தி இல்லை. பலமனேருக்குப் போன் செய்து, வந்து நைனாவை அழைத்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பாதையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"ஏமே, மூணாவது கட்டத்துல தண்ணி நிக்குது."

"எங்க நிக்குது?"

"நடுவுல. பள்ளம் வுட்டிருக்க."

"பள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணாடி போட்டுக்கினு பாரு."

"நான் வந்து காட்டட்டுமா?"

"வந்து காட்டு!"

வாக்கரை இழுத்துக்கொண்டார், எழுந்தார், படி இறங்கினார். எனக்கு இருந்த கோபத்தில் போய்ப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மூன்றாவது கட்டத்தில் நின்று குனிந்து பார்த்தார். அங்கே பள்ளம் இல்லை என்றதும், வாக்கர் காலால் நான்காவது கட்டத்தைத் தட்டிச் சத்தம் கேட்டார். ஐந்தாவதில் கோடு கொஞ்சம் கோணல் என்றார். இல்லை என்றேன். ஆறாவதில் துடைப்பக் கீறல் ஒரே சீராக இல்லை என்றார். நான் கையில் வாளியோடு பின்னால் நகர்ந்துகொண்டே பதில் சொன்னேன், அவர் ஒவ்வொரு கட்டமாகக் குறை சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்து வந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒன்பதாவது கட்டத்தில் விளிம்பு கரடு என்றபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு நன்றாகக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் குதிகாலில் தார் சுட்டது. ரோட்டுக்கு வந்திருந்தோம்.

அவர் கடைசிக் கட்டத்தில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. நடு ரோட்டில் நின்றுகொண்டு அழுதேன். ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான்.

"மூணாவது கட்டத்துல தண்ணி நிக்கல" என்றார், என்னைப் பார்க்காமல். "எழுந்துக்க பயமா இருந்துச்சு. அதான் சும்மா சொன்னேன்."

பதினைந்து நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய வேலையைப் பொய்யாகக் குறை சொன்ன மனுஷனை, வேறு நாளாக இருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஓடிப்போய் நாற்காலியைத் தூக்கி வந்து ரோட்டோரம் போட்டு, "உட்காரு" என்றேன்.